அழ, சிரிக்க, வந்து சேர

கொமேர் என்றால் சாப்பிட, பெபேர் என்றால் குடிக்க, தொர்மிர் என்றால் தூங்க. இதை எந்தப் புண்ணியவான் முதல் பாடமாக வைத்தானோ, சாப்பிடவும் தூங்கவும் கையைக் காட்டினால் போதாதா, கையால் காட்ட முடியாததுக்குத்தானே வார்த்தை வேண்டியிருக்கிறது என்று பூங்கோதைக்கு அந்தப் பாடக்காரன் மேல் கோபம் கோபமாக வந்தது. காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். அந்த ஒரு பக்கத்தில் அவன் பாட்டுக்கு உற்சாகமாக ஒரு வினைச்சொல்லைச் சொல்லுவான், பின்னாலேயே ஒரு பெண்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுவாள், அப்புறம் டிங் என்று ஒரு மணி. மணி அடித்ததும் நாம் சொல்ல வேண்டும். பஸ் அவிநாசியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா ஒவ்வொரு டிங்குக்கும் பூங்கோதையின் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, காலைக் கொஞ்சம் ஒடுக்கி மரியாதையாக உட்கார்ந்துகொண்டாள். வெனிர், வர. இர், போக. தார், கொடுக்க. தார் வந்ததும் பூங்கோதையின் உதடு நின்றுவிட்டது. கொடுக்க. கொடுத்தோம். கொடுத்துவிட்டோம். அதை ஸ்பானிஷ் பாஷையில் நடந்து முடிந்ததாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. கம்பெனியில் ஸ்பெயின் ஆர்டரைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பாஷையும் சொல்லிக்கொடுத்த நஸ்ரின், "முதல்ல வினைச்சொல்லை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கக்கா, அதை வெச்சே ஊரை ஓட்டிரலாம், இறந்த காலத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். அடுத்த மாசமாம். அவளுக்கு வேண்டியதெல்லாம் இறந்த காலத்தில்தானே கிடக்கிறது, அதைப் போய் அடுத்த மாசம் பார்த்து என்ன செய்ய, இன்றைக்கு அல்லவா வருகிறாள் தங்கச்சி.

தங்கச்சி. அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலே நாக்கில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது. மயிலாத்தாள் என்று அம்மா வைத்த பேர், மயிலு என்று கூப்பிட்ட பேர், இப்போது இரேனே. ஸ்பெயினில் சரகோசா என்கிற ஊர். ஒரு வயசில் போனவள், இன்றைக்கு முப்பதை எட்டப் போகிற பொம்பளை. பூங்கோதைக்கு அந்தத் தேசத்தைப் பற்றி ரொம்ப நாளாக ஒன்றே ஒன்றுதான் தெரியும், அது பனியன் போடுகிற தேசம். திருப்பூரில் செக்கிங் செக்சனில் வேலை செய்கிறவளுக்கு ஒவ்வொரு தேசமும் ஒரு லேபிள்தான். கழுத்துக்குக் கீழே, பக்கவாட்டுத் தையலில் தொங்குகிற துவைக்கிற குறிப்பு. லவார், செகார், நோ ப்ளாஞ்சார் என்று அதில் பொடி எழுத்தில் இருக்கும். துவை, காய வை, இஸ்திரி போடாதே. இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த லேபிளை மட்டும் விரலால் ஒரு தடவை தடவித்தான் அடுத்த பீஸை எடுப்பாள். தரம் பார்க்கிறாள் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொள்வார். அவளுக்கு உள்ளே ஓடுகிறது வேறு. இந்தப் பெட்டியில் ஒரு பீஸாவது அவள் கைக்குப் போகாதா, சின்னப் பிள்ளை சைஸ் வந்தால் இது அவளுக்கு என்று நினைப்பாள், அப்புறம் வருசம் ஓட ஓட இந்த சைஸ் இருக்கும் இப்போது, இல்லை, இதைவிட ஒரு சைஸ் பெரிசு என்று கணக்கு மாறிக்கொண்டே போனது. ஒரு தடவை மஞ்சள் கலரில் ஒரு பனியன், நெஞ்சில் ஒரு வாத்துப் படம், யாரும் பார்க்காதபோது அதன் உள்பக்கத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டாள். வைத்த பிறகு பயமாகப் போய்விட்டது, எச்சில் கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடுமே என்று. பைத்தியக்காரி. சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளிங்கிரியிடம் கூட இதைச் சொன்னதில்லை, கட்டின புருசன், தங்கமான மனுசன், ஆனாலும் சொன்னதில்லை.

"எங்கீங்க, கோயமுத்தூருங்களா?" என்று கீரைக்கார அம்மா கேட்டாள். "ஏர்போர்ட்டுங்க. என்ற தங்கச்சி வர்றா." "வெளிநாட்டுல வேலைங்களா?" இல்லையென்று தலையாட்டினாள் பூங்கோதை. என்ன சொல்வது. "வளரப் போயிருந்தாளுங்க" என்று வந்துவிட்டது வாயில். அந்த அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, "வரட்டும் வரட்டும்" என்று சொல்லிக் கீரையை மடியில் சரிசெய்துகொண்டாள். வளரத்தான் போனாள், வேறென்ன. அப்பா சாயப்பட்டறைத் தொட்டியில் விழுந்து போய்ச் சேர்ந்தாச்சு, அம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி ரத்தமாக வந்துகொண்டிருந்தது, இருமினால் குழந்தையைத் தூர வைத்துவிட்டு இருமுவாள், இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்துக்கொள்வாள், பால் ஏது, கஞ்சித் தண்ணிதான். ஆஸ்பத்திரியில் பார்த்த யாரோ சொல்லித்தான் பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கிற அந்த விடுதி தெரியவந்தது. ரெண்டையும் எடுத்துக்குங்க என்றுதான் அம்மா கேட்டாள். பெரிசுக்கு ஒன்பது வயசாச்சு, இதை யாரும் கேக்க மாட்டாங்க, சின்னதுக்கு ஸ்பெயின்ல அப்பா அம்மா கிடைப்பாங்க என்று சொன்னார்கள். பெரிசு அப்போது கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டாமா.

செர், எஸ்தார். இரண்டுமே இருக்க என்றுதான் அர்த்தமாம், ஒன்று நிலையாக இருக்க, இன்னொன்று அப்போதைக்கு இருக்க. நஸ்ரின் இதை விளக்கோ விளக்கென்று விளக்கினாள். பூங்கோதை அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். யோ சோய் து எர்மானா. நான் உன் அக்கா. தமிழில் நான் உன் அக்கா என்றால் தீர்ந்தது, நானும் நீயும் அக்காவும் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறோம், அங்கே நடுவில் ஒரு சோய் வைத்தாக வேண்டுமாம். வைத்தால் போகிறது. அவளுக்குச் சிக்கல் சோயில் இல்லை. சிக்கல் யோராரில். யோரார் என்றால் அழ. அந்தச் சொல் பாடத்தில் வந்த அன்றைக்குத்தான் அவள் பாடத்தை நிறுத்தித் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டாள், ஏனென்றால் அதே சொல்லை அவள் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செல்போன் திரையில், தங்கச்சியின் வாயிலிருந்து கேட்டிருந்தாள்.

அந்த வீடியோ கால். விடுதியின் பழைய காகிதத்தை வைத்துத் தங்கச்சிதான் ஆள் விட்டு இவளைத் தேடிப் பிடித்திருந்தாள். திரையில் மூன்று சதுரம். ஒன்றில் பூங்கோதையும், தலையைச் சீவிக்கொண்டு பின்னால் நிற்கிற வெள்ளிங்கிரியும். ஒன்றில் அவள். ஒன்றில் சென்னையிலிருந்து மொழிபெயர்க்க எட்வின். நல்ல பையன்தான், ஆனால் வார்த்தைக்குப் பெரிய கஞ்சன். பூங்கோதை மூச்சு விடாமல் அம்மாவைப் பற்றி, சந்துவீட்டைப் பற்றி, மயிலு முதல் முதலாக எழுந்து நின்றதைப் பற்றிச் சொன்னால் அவன் ஒரே வரியில் அதைச் சுருட்டி அங்கே தள்ளிவிட்டு, ம், அப்புறம் என்பான். தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பூங்கோதை. அம்மாவின் நெற்றி, அப்படியே அந்த அகல நெற்றி. அப்போதுதான் அவள் கொஞ்சம் குனிந்து, மேசையில் ஏதோ இருப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நீளமாகக் கேட்டாள். நடுவில் யோரார் மாதிரி ஏதோ வந்தது. எட்வின் சொன்னான்: "அவங்க வீட்டுல சொல்லியிருக்காங்களாம் சிஸ்டர். இவங்களைக் குடுத்த அன்னைக்கு யாருமே அழலையாம். அம்மாவும் அக்காவும் சிரிச்சிட்டே நின்னாங்களாம். அது உண்மையான்னு கேக்கறாங்க." கார் கொண்டுவந்த அந்த விடுதிக்கார அம்மா பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான், பொய் ஒன்றும் சொல்லவில்லை. பூங்கோதை பொய் சொல்லியிருக்கலாம். அழுதோம் கண்ணு, உருண்டு புரண்டு அழுதோம் என்று சொல்லியிருந்தால் யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள். ஆனால் அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே, அவளே அதை இல்லை என்றால் அப்புறம் அது எங்கே இருக்கும். "ஆமாங்க, சிரிச்சோமுங்க. ஆனா அது வந்து..." எங்கே தொடங்குவது என்று தேடினாள். அதற்குள் எட்வின், சி, என்றுவிட்டான். ஒரே எழுத்து. ஆமாம். திரையில் அவள் தலையை ஆட்டினாள், ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான் என்கிற மாதிரி. அப்புறம் ஏதோ வேகமாகச் சொன்னாள். "பரவால்லையாம். டிக்கெட் போட்டாச்சாம். ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறாங்களாம்." பார்த்துவிட்டுப் போகிறாளாம். பொருட்காட்சியா இது. அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மறுநாள் எட்வினே கூப்பிட்டான், பாவம், மனசு கேட்கவில்லை போல. ஏன் சிரித்தோம் என்கிற விசயத்தைச் சொன்னதும், "நான் எழுதி அனுப்பிடறேன் சிஸ்டர், அது ஒரு கலாச்சார நம்பிக்கைன்னு" என்றான். நம்பிக்கையாம். அம்மாவை அப்படி ஒரு மூட்டையாகக் கட்டித் தபாலில் போடுவதா. வேண்டாமுங்க தம்பி, நேர்ல நானே சொல்லிக்கறேன் என்று சொல்லிவிட்டாள். வீராப்பாகச் சொல்லியாகிவிட்டது. இன்றைக்குப் பார்த்து எட்வினின் ரயில் லேட். நீங்க ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்துருங்க, நான் நேரா வீட்டுக்கு வந்துடறேன் என்று காலையில் போன். ஆக, வாய் ஒன்று, வினைச்சொல் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் கையிருப்பு.

கருமத்தம்பட்டியில் கீரைக்கார அம்மா இறங்கிப் போனாள். ரெயிர், சிரிக்க. டிங். அன்றைக்குச் சந்துமுனையில் கார் நின்றது, சந்துக்குள் வராது. அம்மாவால் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று பூங்கோதைதான் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். குழந்தைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கன்னத்தில் மைப்பொட்டு, யாரோ கொடுத்த நீலக் கவுன். பாதி வழியில் பூங்கோதையின் உதடு கோணுவதை அம்மா பார்த்துவிட்டாள். அங்கேயே நின்று, மூச்சு வாங்க, கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். "அழுதுகிழுது வெச்சீன்னா பாரு. போற புள்ளைக்கு ஆகாது சாமி. நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாள்னு சேதி வரட்டும். அப்பறம் நீயும் நானும் உக்காந்து அழுதுக்கலாம், எவ்வளவு வேணுமின்னாலும் அழுதுக்கலாம். இப்பச் சிரி. நல்லாச் சிரி." சிரித்தாள் பூங்கோதை. அம்மாவும் சிரித்தாள். கார்க் கதவு மூடினதும் மயிலு மலங்க மலங்க விழித்தது, உதட்டைப் பிதுக்கத் தொடங்கியது. அப்போது அம்மா கன்னம் இரண்டையும் உப்ப வைத்துக்கொண்டு கண்ணாடியிடம் குனிந்தாள். அது மயிலுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு, உப்பின கன்னத்தை இரண்டு கையாலும் அது படார் என்று அடிக்கும், காற்று புஸ்ஸென்று போகும், அதற்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியை அடித்தது. இந்தப் பக்கத்தில் அம்மா புஸ்ஸென்று காற்றை விட்டாள். மயிலு கெக்கெக்கே என்று சிரித்தது, பூங்கோதை கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், கார் நகர்ந்தது, அம்மா கூடவே கொஞ்ச தூரம் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடினாள், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாளோ. கார் திரும்பிப் போய்விட்டது. அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இறக்கத் தெரியவில்லை அவளுக்கு. சாயங்காலம் அடுப்புப் பற்ற வைக்கிறபோதும் இருந்தது, அதைப் பார்த்துத்தான் பூங்கோதைக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

வீட்டை அம்மா கூட்டவில்லை. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேருகிற வரைக்கும் வீடு கூட்டக்கூடாது, கூட்டினால் அவர்களையே கூட்டித் தள்ளினமாதிரி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எல்லார் வீட்டிலும் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள். அம்மா நாள் கணக்காகக் கூட்டவில்லை. மயிலு சிந்தின கஞ்சிப் பருக்கை காய்ந்து மூலையில் கிடந்தது, எறும்பு வந்தது, பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா, ஏம்புள்ள, இதென்ன வீடா குப்பை மேடா என்று சத்தம் போட்டாள். சேதி சொல்றோம் என்றுதான் விடுதியில் சொன்னார்கள். விடுதியிலிருந்து தேசம் போக எவ்வளவு நாள் ஆகும், தேசம் போய்ச் சேர்ந்த சேதி வர எவ்வளவு நாள் ஆகும், அம்மாவுக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். கடைசியில் ஒருநாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது பாப்பாத்தியக்கா துடைப்பத்தை எடுத்து ஒரே மூச்சாகக் கூட்டி அள்ளிவிட்டாள். அம்மா வந்து பார்த்தாள். துடைப்பம் போனது போனதுதான், அழுகையையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்திருப்பாளோ என்னவோ, அழவே இல்லை. சேதியும் வரவில்லை. இருமல் வரும்போது கண்ணில் தண்ணி வந்தால் கூட, இது அது இல்லை சாமி, இது இருமலுக்கு வர்றது என்று பிள்ளையிடம் சமாதானம் சொல்வாள். அப்படியே சொல்லிச் சொல்லி ரெண்டு வருசத்தில் கண்ணை மூடினாள். காய்ந்த கண்ணு. மூடிவிட்ட பிறகு பூங்கோதை அம்மாவுக்காக அழுதாள், ஆனால் மயிலுக்காக அழவில்லை, அது அம்மா சொன்ன பாக்கி, சேதி வரட்டும் என்று வைத்த பாக்கி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனாள், வளர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, ரெண்டு பையன்கள், அவர்கள் ஹாஸ்டலுக்குப் போய் இறங்கிட்டோம் என்று மெசேஜ் போடுகிற வரைக்கும் அவள் வீட்டில் துடைப்பம் எழாது. இன்றைக்குக் காலையில் வெள்ளிங்கிரி துடைப்பத்தோடு நின்றார். "ஏம்புள்ள, வெளிநாட்டுல இருந்து ஆள் வருது, வீட்டைக் கூட்டாம வெச்சிருக்கிறே, என்ன நினைப்பாங்க?" "அவ வந்து சேரட்டும், நான் சொல்றேன், அப்பறம் கூட்டுங்க." "அவங்க வர்றவங்கடி, போறவங்க இல்ல." "போன்ல பாத்தா சேந்த மாதிரி ஆயிடுமா, எனக்கு இன்னும் அவ போய்க்கிட்டுத்தான் இருக்கறா." துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுச் செருப்பைத் தேடிக் கொடுத்தார்.

சரி, எப்படிச் சொல்வது. மமா நோ யோரார், யோ நோ யோரார், மமா ரெயிர், யோ ரெயிர், து இர். வாய்க்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள், குலை நடுங்கிவிட்டது. அம்மா அழலை, நான் அழலை, அம்மா சிரிச்சா, நான் சிரிச்சேன், நீ போனே. எட்வின் சொன்ன ஒற்றைச் சி தேவலை என்று ஆகிவிடும் இது. அடக்கிக்கொள்ள என்பதற்கு ஒரு சொல் இருக்கும் அந்த ஊரில், இல்லாமலா போகும், அங்கேயும் பிள்ளையை வழியனுப்புகிற அம்மாக்கள் உண்டே, ஆனால் அது தொடக்கக்காரர்கள் பாடத்தில் இல்லை. பாடத்தில் இருப்பது ஓட, நடக்க, வாங்க, விற்க. மொரிர் இருக்கிறது, சாக. அது வரும்போதெல்லாம் அவள் கட்டைவிரலால் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுவாள். எஸ்பெரார் இருக்கிறது, காத்திருக்க. அதைத் தள்ளவில்லை. எஸ்பெரார் என்று சொல்லும்போது ஏனோ அம்மா வாசல்படியில் உட்கார்ந்து தபால்காரரின் சைக்கிளைப் பார்க்கிறது தெரியும். "சித்ரா ஸ்டாப்பு, ஏர்போர்ட்டெல்லாம் இறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். இறங்கினாள்.

விமான நிலையத்தில் அனுப்புகிற வாசலும் வரவேற்கிற வாசலும் பக்கத்துப் பக்கத்தில்தான். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பாயில் மாறி வருகிற விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டிருந்தார்கள். சேலையைப் பார்த்தாள், அரக்குச் சேலை, இதுவா அதுவா என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்துக் கட்டினது, இப்போது பார்த்தால் ரொம்பப் பளபளப்பாக இருக்கிறது. பிடிக்காமல் போய்விடுமோ, தொட்டால் விலகிக்கொள்வாளோ, வெளிநாட்டில் கன்னத்தோடு கன்னம் வைப்பார்களாமே, நாம் எந்தக் கன்னத்தைக் கொடுப்பது, முகத்தோடு முகம் இடித்துக்கொண்டால் என்ன கூத்தாகும். அந்தப் பக்கத்து வாசலில் ஒரு குடும்பம் நின்றது. புதுச் சுடிதாரும் பெரிய பெட்டியுமாக ஒரு பெண், படிக்கவோ வேலைக்கோ எங்கேயோ போகிறது. அதன் அப்பா ஏதோ ஜோக் சொல்கிறார், அம்மாக்காரி உரக்கச் சிரிக்கிறாள், பையின் ஜிப்பை மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்க்கிறாள், போயிட்டு வா கண்ணு, போயிட்டு வா என்று தலையை வருடிச் சிரிக்கிறாள். பூங்கோதைக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் தெரியும். பெண் கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிக் கையாட்டி மறைந்ததும் அந்த அம்மா தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. "இறங்கின உடனே போன் பண்ணுவா, அதுவரைக்கும் தாங்கு" என்றார் வீட்டுக்காரர். பூங்கோதை தன்னுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு அந்த அம்மா கேட்டாள்: "நீங்க யாரை அனுப்ப வந்தீங்க?" "அனுப்ப இல்லீங்க. கூட்டிட்டுப் போக. என்ற தங்கச்சி." "குடுத்து வெச்சவங்க" என்றாள் அவள். "நீங்க தாராளமா அழுவலாம்." சொல்லிவிட்டு பாட்டிலை மூடிக் கொடுத்தாள், வீட்டுக்காரரோடு போய்விட்டாள்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கோதை அப்படியே நின்றாள். தாராளமாக அழலாம். அட ஆமாம். ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பெட்டி பெட்டியாக, கோட்டுப் போட்டவர், தூங்குகிற குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அப்புறம் அவள் வந்தாள். பேர் எழுதின அட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. குட்டை முடி, முதுகில் பை, காலில் தூசி படிந்த ஷூ, ஆனால் நடை அம்மாவுடையது, இடது தோளைக் கொஞ்சம் முன்னால் விட்டு, கூட்டத்துக்குள் புகுந்து வருகிற மாதிரி. எங்கே போய்க் கற்றாள் அதை. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஓலா" என்று வணக்கம் சொன்னாள் அவள், சின்னக் குரலில். பூங்கோதையின் மண்டையில் அத்தனை டிங்கும் ஒரே நேரத்தில் அடித்து ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. சோய் இல்லை, எர்மானா இல்லை. கடைசியில் எது முன்னால் வந்து நின்றதோ அதைச் சொன்னாள். "மமா நோ யோரார்."

தங்கச்சியின் முகம் இறுகியது. தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள், பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "நோ, நோ" என்று பூங்கோதை கம்பிக்கு மேலே கையை நீட்டி அந்த வாரையே பற்றினாள். விட்டால் இப்படியே அடுத்த விமானம் ஏறிவிடுவாள். "து இர்" என்றாள், ரோட்டைக் காட்டினாள், கார் போகிறமாதிரி கையை ஓட்டினாள். "மமா எஸ்பெரார். எஸ்பெரார், எஸ்பெரார்." காதில் கையை வைத்துக் காட்டினாள், வாசலைப் பார்க்கிறமாதிரி எட்டிப் பார்த்தாள். "து யேகார், மமா யோரார்." நீ போய்ச் சேர்ந்தா அம்மா அழுவா. யேகார், வந்து சேர. எந்த மூலையில் கிடந்ததோ, எழுந்து வந்துவிட்டது. "து நோ யேகார். மமா நோ யோரார். எஸ்பெரார். து நோ யேகார்." அப்புறம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விட்டிருந்தாளே, அதையும் சொல்லியாக வேண்டியிருந்தது. "மமா மொரிர். நோ யோரார்." தங்கச்சியின் கை வாரிலிருந்து இறங்கிவிட்டது. பூங்கோதை கன்னம் இரண்டையும் உப்ப வைத்தாள், காரின் கண்ணாடியை அடிக்கிற மாதிரி உள்ளங்கையைக் காற்றில் வைத்துக் காட்டினாள், கன்னத்தில் இருந்த காற்று போகும்போது அது சிரிப்பாகப் போகாமல் வேறாகப் போயிற்று. "ஓய்" என்றாள், இன்றைக்கு. "ஓய் து யேகார்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் அவள் அழுதாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொசுவம் தரையில் புரள, வாய் விட்டு, ஊரே திரும்பிப் பார்க்கிறமாதிரி அழுதாள், தனக்காகக் கொஞ்சம், மற்றதெல்லாம் அம்மா வைத்துவிட்டுப் போனது. காவலுக்கு நின்ற ஆள் என்னம்மா, என்னாச்சு என்று ஓடிவந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார், ஏனென்றால் அந்த வெளிநாட்டுப் பெண் முதுகுப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கம்பியைத் தாண்டிக் குனிந்து, இரண்டு உள்ளங்கையாலும் பூங்கோதையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கொட்டிக்கொண்டிருந்தது. "யேகே" என்றாள். "யேகே, யேகே." அந்த இறந்த காலத்தை நஸ்ரின் இன்னும் நடத்தவில்லை, வந்து சேந்துட்டேன் என்கிறாள் என்று நடத்தாமலே புரிந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் தங்கச்சியின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பூங்கோதை செல்போனை எடுத்தாள். வெள்ளிங்கிரி முதல் மணியிலேயே எடுத்தார், கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் பாவம்.

"ஏனுங்க. மயிலு வந்து சேந்துட்டாளுங்க" என்றாள் பூங்கோதை. "வீட்டைக் கூட்டீருங்க."